பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா? வீட்டில் கவனிப்பது முதல் பரிசோதனை அறை வரை

சிங்கப்பூரில் என் கே1 பாலர் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தொந்தரவே கிடையாது. எதைக் கேட்டாலும் சிரிப்பான், "ம்ம்" என்பான். அபிநயப் பாட்டு நடக்கும்போது மற்றவர்கள் கையைத் தூக்கி அரை நொடி கழித்து இவன் தூக்குவான். அவனைப் பற்றிய அறிக்கையில் "அமைதியான, சமத்துப் பிள்ளை" என்று நானே எழுதி அனுப்பினேன். ஒரு நாள் கூட்டிப்போக வந்த பாட்டி, "டீச்சர், வீட்டுல டிவியை ஏன் இப்படி அலற விடுறான்னு தெரியல" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் பாட்டைக் கேட்டு ஆடவில்லை, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தான். பரிசோதித்தபோது இரண்டு காதிலும் நடுச்செவியில் நீர் கோத்திருந்தது.

பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எனக்கே அது பிடிபடவில்லை. காரணம் எளிது. காது என்றால் ஒன்று கேட்கும், இல்லாவிட்டால் கேட்காது என்று நினைத்திருந்தேன். உண்மையில் பிள்ளைகள் பலருக்குச் சில ஒலிகள் கேட்கும், சில கேட்காது. ஒரு காது கேட்கும், இன்னொன்று கேட்காது. சளி பிடித்த வாரம் கேட்காது, அடுத்த வாரம் கேட்கும். "கதவை அறைஞ்சா திடுக்கிட்டுத் திரும்புறானே, அப்புறம் என்ன?" என்று வீட்டில் யாராவது சொன்னால், கதவின் சத்தத்தைப் பற்றி மட்டுமே அவர் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சு சுமார் 60 டெசிபெல், கிசுகிசுப்பு சுமார் 30. கதவை அறையும் சத்தம் இரண்டையும் தாண்டி எங்கேயோ இருக்கிறது.

முதல் படி: சுகாதாரப் புத்தகத்தைத் தேடி எடுங்கள்

பிள்ளை பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த சுகாதாரப் புத்தகம் அலமாரியில் எங்கேயோ இருக்கும். அதில் பிறந்த குழந்தைக்கான செவிப் பரிசோதனை முடிவு பதிவாகியிருக்கும். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனை வழக்கமாகவே நடக்கிறது. உலகளவில் பார்த்தால் ஆயிரம் குழந்தைகளில் 1 முதல் 3 பேர் குறிப்பிடத்தக்க செவித்திறன் குறைபாட்டோடு பிறக்கிறார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

பரிசோதனை இரண்டு விதம். ஓஏஈ என்பதில் காதுக்குள் சின்னக் கருவி வைத்து மெல்லிய ஒலி அனுப்புவார்கள். உட்செவி நன்றாக இருந்தால் அது பதிலுக்கு ஒரு மெல்லிய எதிரொலியைத் தரும். ஏஏபிஆர் என்பதில் நெற்றியிலும் காதருகிலும் ஒட்டிகள் வைத்து, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் வலிக்காது, குழந்தை தூங்கும்போதே முடிந்துவிடும்.

முடிவில் "மறுபரிசோதனை தேவை" என்று இருந்தால் பயப்பட வேண்டாம். பிறந்த சில நாளில் காதுக்குள் பிசுபிசுப்பும் நீரும் இருப்பது சாதாரணம், பல குழந்தைகள் இரண்டாவது முறை தேறிவிடுவார்கள். ஆனால் அந்த இரண்டாவது முறைக்குக் கட்டாயம் போக வேண்டும். பத்தியம், தொட்டில் போடுவது, ஊரிலிருந்து வந்த மாமியார் என்று அந்த நாள்களில் தள்ளிப்போய்விடுவது இதுதான். மருத்துவ உலகம் பின்பற்றும் கணக்கு 1-3-6. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறைபாடு இருக்கிறதா இல்லையா என்ற உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்கிவிட வேண்டும். மூளையில் மொழிக்கான பாதைகள் அந்த வயதிலேயே உருவாகத் தொடங்குவதால்தான் இந்த அவசரம். குழந்தை மறுபரிசோதனையிலும் தேறவில்லை என்றால் சிஎம்வி என்ற கிருமித்தொற்றுக்குச் சோதிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிறக்கும்போதே இருந்த தொற்றா என்று உறுதியாகச் சொல்ல, பிறந்த மூன்று வாரத்துக்குள் எடுத்த சிறுநீரோ உமிழ்நீரோ வேண்டும்.

சரி, முடிவு "தேறியது" என்றே இருக்கிறது. அப்படியானால் இந்தக் கட்டுரையை மூடிவிடலாமா? கூடாது. அந்தப் பரிசோதனையில் லேசான குறைபாடு தப்பிவிடலாம். அது தவிர, பிறக்கும்போது இல்லாத குறைபாடு பிறகும் வரலாம். என் வகுப்புப் பையனும் பிறந்தபோது தேறியவன்தான்.

இரண்டாம் படி: உங்கள் பிள்ளை கூடுதல் கவனம் தேவைப்படும் கூட்டத்தில் இருக்கிறதா?

குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தை, ரத்தத்தையே மாற்ற வேண்டிய அளவுக்கு மஞ்சள் காமாலை வந்த குழந்தை (நீல விளக்கின் கீழ் ஓரிரு நாள் வைத்து அனுப்பிய சாதாரணக் காமாலை இதில் சேராது), ஜென்டாமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பல நாள் ஏறிய குழந்தை, மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைடிஸ்) வந்து தேறிய குழந்தை: இவர்களை ஒரு முறை பார்த்துவிட்டு விடக் கூடாது. மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு செவிப் பரிசோதனை உடனே நடக்க வேண்டும். உட்செவிக்குள் எலும்பு வளரத் தொடங்கிவிட்டால் பிறகு சிகிச்சைக்கான வழி குறுகிவிடும். கடுமையான காமாலைக்குப் பிறகு ஓஏஈ மட்டும் போதாது. உட்செவி நன்றாக இருந்து நரம்பு வழியில் கோளாறு இருக்கும் பிள்ளைகளை அது தேற்றிவிடும்.

அடுத்தது நம் வீடுகளில் பேசத் தயங்கும் விஷயம். செவித்திறன் குறைபாட்டோடு பிறக்கும் பிள்ளைகளில் 10-க்கு 9 பேரின் பெற்றோருக்குக் காது நன்றாகவே கேட்கும். "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லை" என்பதால் மரபு வழியை ஒதுக்கிவிட முடியாது என்று அர்த்தம். தாயிடமும் தந்தையிடமும் ஒரே மரபணு மாற்றம் மறைந்திருந்தால் இருவருக்கும் ஒன்றும் இருக்காது, பிள்ளைக்கு வரும். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்திருந்தால் அந்த வாய்ப்பு கூடுகிறது. மருத்துவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் உறவைக் குறை சொல்லப்போவதில்லை, எந்தப் பரிசோதனை எழுத வேண்டும் என்பதற்காகக் கேட்கிறார்.

இன்னொன்றும் உண்டு. "எனக்கு என்னவோ சந்தேகமா இருக்கு" என்று பெற்றோரோ வளர்ப்பவரோ சொல்வதையே ஓர் ஆபத்துக் குறியாக மருத்துவ வழிகாட்டுதல்கள் பட்டியலிடுகின்றன. ஆகவே அம்மாவின் சந்தேகத்தை யாராவது தட்டிவிட்டால் பணிந்துபோக வேண்டியதில்லை.

மூன்றாம் படி: வயதுக்கு ஏற்ற அறிகுறிகள்

முதல் மூன்று மாதத்தில் திடீர்ச் சத்தத்துக்குக் குழந்தை உதறும், கண் சிமிட்டும், அழுகையை நிறுத்தும். அம்மாவின் குரல் கேட்டால் அடங்கும். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் சத்தம் வரும் பக்கம் கண்ணையோ தலையையோ திருப்பும்.

ஆறு மாதத்தை ஒட்டி ஒரு பொறி இருக்கிறது. காது கேட்காத குழந்தையும் "ஆ... ஊ..." என்று மழலை ஒலி எழுப்பும். "நல்லாத்தானே சத்தம் போடுது" என்று வீடே நிம்மதியாகிவிடும். வித்தியாசம் அதன் பிறகு தெரியும். கேட்கும் குழந்தையின் ஒலிகள் "பாபாபா", "தாதாதா" என்று அசைகளாக மாறி நாளுக்கு நாள் பெருகும். கேட்காத குழந்தையிடம் அவை வளராமல் நிற்கும் அல்லது குறையும். பத்து, பதினோரு மாதமாகியும் "பாபா, மாமா" போன்ற அசை வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள்.

ஒரு வயதுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், ஒரு சொல்லாவது எட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதில் கையால் காட்டாமலே "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் புரிய வேண்டும். இரண்டு வயதில் ஐம்பது சொல் அளவிலும், "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்த்தும் பேச வேண்டும். மூன்று வயதில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பேச்சு பெரும்பாலும் புரிய வேண்டும்.

சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். பாட்டியிடம் கற்ற "பால்", குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் கற்ற "மில்க்", இந்தோனீசியப் பணிப்பெண்ணிடம் கற்ற "சூசூ", மூன்றும் கணக்குதான். வீட்டில் மூன்று மொழி புழங்குவதால் பேச்சு தாமதமாகிறது என்பது இங்கே அடிக்கடி காதில் விழும் சமாதானம். பல மொழி கேட்பதால் மட்டும் பேச்சு நின்றுபோகாது. "ஆம்பளைப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்", "இவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினாரு" என்பவையும் அதே வகை. அவை உண்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். காதைப் பரிசோதித்த பிறகு அவற்றைச் சொல்லிக்கொள்ளலாம்.

பாலர் பள்ளி வயதில் அறிகுறிகள் நடத்தை வேடம் போட்டு வரும். பேசுபவர் வாயையே உற்றுப் பார்ப்பது, "ஆங்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, "உன் பேர் என்ன?" என்றால் "நாலு வயசு" என்பது, அமைதியான அறையில் நன்றாகப் பேசிவிட்டு உணவங்காடி நிலையத்தில் ஒன்றும் புரியாமல் விழிப்பது, மாலையில் பள்ளியிலிருந்து வந்ததும் காரணமில்லாமல் எரிந்து விழுவது. நாள் முழுவதும் காதைத் தீட்டிக் கேட்கும் பிள்ளை களைத்துப்போகிறது. சில பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்காத முரடு என்று பெயர் வாங்கும். இன்னும் சில, என் வகுப்புப் பையனைப் போல, சமத்து என்று பெயர் வாங்கும். இரண்டாவது வகையை யாரும் பரிசோதனைக்கு அனுப்புவதில்லை.

ஒரு காது மட்டும் கேட்காத பிள்ளைக்குச் சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாது. விளையாட்டிடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நின்று சுற்றிச் சுற்றித் தேடும். போனை எப்போதும் ஒரே காதில் வைக்கும். நல்ல காது தலையணையில் அழுந்தினால் எழுப்ப முடியாதபடி தூங்கும்.

நான்காம் படி: வீட்டில் சோதித்துப் பார்ப்பது எப்படி

தட்டைக் கரண்டியால் தட்டி, கைதட்டி, சில்வர் டம்ளரைப் போட்டுப் பார்ப்பது எல்லா வீட்டிலும் நடக்கும். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. டம்ளர் விழுந்தால் தரை அதிரும். பின்னால் நின்று கைதட்டினால் நிழல் ஆடும், காற்று படும். கேட்காத பிள்ளைக்கு மற்ற புலன்கள் கூர்மையாகக் கவனிக்கும், திரும்பிவிடும். நாமும் நிம்மதியாகிவிடுவோம்.

ஏழு, எட்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு இப்படிச் செய்யுங்கள். டிவி, மின்விசிறி, குளிர்சாதனம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஜன்னலையும் மூடுங்கள். கீழே விரைவுச்சாலை இருந்தால் இரவு நேரம் நல்லது. ஒருவர் குழந்தையை மடியில் வைத்து, ரொம்பச் சுவாரசியமில்லாத ஒரு பொம்மையைக் காட்டிக்கொண்டிருக்கட்டும். மற்றவர் பின்னால், பக்கவாட்டில், காது மட்டத்தில், ஒரு மீட்டர் தள்ளி, குழந்தையின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். வாசனைத் திரவியம் போட்டிருக்கக் கூடாது, வளையலைக் கழற்றிவிடுங்கள், நிழல் முன்னால் விழுகிறதா என்று பாருங்கள்.

இப்போது கத்தாமல், அடங்கிய குரலில் ஒவ்வொன்றாக: "ம்ம்ம்", "ஊ", "ஆ", "ஈ", "ஷ்ஷ்", "ஸ்ஸ்". இந்த ஆறு ஒலிகளும் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பேச்சின் பரப்பைத் தொடுகின்றன. செவித்திறன் வல்லுநர்களும் தினசரிச் சோதனைக்கு இவற்றையே பயன்படுத்துகிறார்கள். ஒவ்வோர் ஒலிக்கும் சில நொடி காத்திருங்கள். வலப்பக்கமும் இடப்பக்கமும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நடுநடுவே அதே இடத்தில் நின்று, சத்தமே எழுப்பாமல் இருந்து பாருங்கள். அப்போதும் குழந்தை திரும்பினால், முன்பு திரும்பியதும் சத்தத்துக்காக இல்லாமல் இருக்கலாம். இந்த ஒரு வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு குழந்தைக்கு அலுத்துவிடும், அத்தோடு நிறுத்திவிட்டு இன்னொரு நாள் தொடருங்கள்.

"ம்ம்", "ஊ" கேட்டுத் திரும்பி, "ஸ்ஸ்", "ஷ்ஷ்" வந்தால் திரும்பாத குழந்தையைக் குறித்துக்கொள்ளுங்கள். உயர் சுருதி ஒலிகள் மட்டும் கேட்காத குறைபாடு இப்படித்தான் இருக்கும். உயிரெழுத்துகள் கேட்பதால் பெயர் சொன்னால் திரும்பும், பாட்டுக்குத் தலையாட்டும். ஆனால் க, ச, த, ப போன்றவை மங்கிப்போகும்.

மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைக்கு நான் பயன்படுத்துவது படங்கள். கால், பால், வால் ஒரு கூட்டம். கல், பல் ஒரு கூட்டம். காசு, காது ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் உயிரொலி ஒன்றே, மெய் மட்டும் மாறும். முதலில் எதிரில் உட்கார்ந்து சொல்லி, பிள்ளைக்குப் படங்கள் தெரியுமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு வாயை ஒரு தாளால் மறைத்து, சாதாரணக் குரலில் "பல் எங்கே?" என்று கேளுங்கள். முகம் தெரிந்தபோது சரியாகவும், மறைத்தபோது மாற்றி மாற்றியும் காட்டினால் பிள்ளை உதட்டைப் படித்துக்கொண்டிருக்கிறது.

இவையெல்லாம் சந்தேகத்தைக் கூர்மையாக்க மட்டும்தான். வீட்டில் தேறிவிட்டால் காது நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்ததாக ஆகாது.

ஐந்தாம் படி: ஒரு வாரக் குறிப்பு

பத்து நிமிட ஆலோசனையில் பிள்ளை பளிச்சென்று நடந்துகொள்ளும், நமக்கு ஒன்றும் நினைவுக்கு வராது. ஆகவே ஒரு வாரம் எழுதிவையுங்கள்: எப்போது கூப்பிட்டுத் திரும்பவில்லை, எந்தப் பக்கத்திலிருந்து, பின்னணியில் என்ன சத்தம், சளி இருந்ததா. இரண்டு சின்ன வீடியோவும் எடுங்கள். பாட்டி, பணிப்பெண், பள்ளி ஆசிரியர் மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பணிப்பெண் நாள் முழுவதும் பிள்ளையோடு இருப்பவர். அவரிடம் கேட்பதை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

இடையில் செய்யக் கூடாதவை: காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், பூண்டுச் சாறு எதையும் காதில் ஊற்ற வேண்டாம். பஞ்சுக் குச்சி அழுக்கை உள்ளே தள்ளும்.

ஆறாம் படி: எங்கே போவது, என்ன சொல்வது

பலதுறை மருந்தகத்துக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குவது நல்ல வழி. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அந்தக் கடிதத்தோடு போனால் அரசாங்க மருத்துவமனையில் மானியக் கட்டணம் கிடைக்கும். கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை ஆகிய மூன்றிலும் பிள்ளைகளின் செவித்திறனைப் பரிசோதிக்கிறார்கள். தடுப்பூசிக்குப் போகும் நாளிலேயே கேட்டுவிடலாம்.

"பேச்சு கொஞ்சம் லேட்" என்று தொடங்கினால் "பொறுத்துப் பார்ப்போம்" என்ற பதில் வரலாம். என் அக்காவுக்கு அப்படித்தான் ஒரு மருத்துவரிடமிருந்து வந்தது, ஆறு மாதம் போனது. "செவித்திறன் பரிசோதனைக்குப் பரிந்துரை வேண்டும்" என்று நேராகக் கேளுங்கள். பெயர் சொல்லித் திரும்பாததற்கு ஆட்டிசம் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் நினைத்தாலும் முதலில் காதைப் பார்த்தாக வேண்டும்.

ஏழாம் படி: பரிசோதனை அறைக்குள்

வயதைப் பொறுத்து முறை மாறும். சின்னக் குழந்தைக்குத் தூக்கத்தில் ஏபிஆர், அதாவது ஏஏபிஆர் போலவே ஒட்டிகள் வைத்து நரம்பு வழியை விரிவாகப் பார்ப்பது. ஆகவே வரும் வழியில் தூங்கவிடாமல், பசியோடு கொண்டுவந்து அங்கேயே பால் கொடுத்துத் தூங்கவைக்கச் சொல்வார்கள். எம்ஆர்டி ரயில் ஆட்டத்தில் தூங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அன்றைய பெரிய வேலை. ஆறேழு மாதம் முதல் இரண்டரை வயதுவரை, ஒலி வரும் பக்கம் திரும்பினால் பொம்மை ஒளிர்ந்து ஆடும் முறை. அதற்கு மேல், ஒலி கேட்டதும் ஒரு கட்டையைப் பெட்டியில் போடும் விளையாட்டு. இதை முன்கூட்டியே வீட்டில் விளையாடிப் பழக்கிவிட்டால் நேரம் மிச்சம். செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி சில நொடிதான், காதில் லேசான அழுத்தம் தெரியும். பிள்ளை ஒத்துழைக்காத நாளும் உண்டு, மறுபடி வரச் சொல்வார்கள். தோற்றதாக நினைக்க வேண்டாம்.

செவித்திறன் வரைபடம் கையில் வந்தால் சிவப்பு வட்டம் வலக்காது, நீலப் பெருக்கல் குறி இடக்காது. குறிகள் கீழே இறங்க இறங்கக் குறைபாடு அதிகம். இடமிருந்து வலமாகச் சுருதி உயரும். "பேச்சு ஒலிகளில் எவை இவனுக்குக் கேட்கவில்லை என்று இதிலேயே காட்டுங்கள்" என்று கேளுங்கள். சதவீதக் கணக்கைவிட அதுதான் வீட்டில் உதவும்.

முடிவு வந்த பிறகு

நடுச்செவியில் நீர் என்றால், சின்னப் பிள்ளைகளுக்கு மிகவும் சாதாரணமாக வருவது அது. மூக்கையும் காதையும் இணைக்கும் குழாய் அவர்களுக்குக் குட்டையாகவும் படுக்கைவசமாகவும் இருப்பதால் சளி தேங்குகிறது. பெரும்பாலும் தானாக வற்றும். மூன்று மாதம் பார்த்துவிட்டு, வற்றாமல் கேட்பதையும் பாதித்தால் செவிப்பறையில் குரோமெட் என்ற சின்னக் குழாய் வைப்பார்கள். என் வகுப்புப் பையனுக்கு அதுதான் வைத்தார்கள்.

உட்செவியிலோ நரம்பிலோ குறைபாடு என்றால் அது வற்றிப்போகாது. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. காது கேட்கும் கருவியைச் சில வாரக் குழந்தைக்கே பொருத்த முடியும். கருவி பலன் தராத கடுமையான குறைபாட்டுக்கு, அறுவை சிகிச்சை செய்து உட்செவிக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் உண்டு. செலவு என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். அதற்கு முன் மருத்துவச் சமூக ஊழியரைச் சந்தியுங்கள். உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் வழியாக உதவித் தொழில்நுட்ப நிதிக்கு விண்ணப்பிக்கலாம், தகுதியுள்ள குடும்பங்களுக்குக் கருவியின் விலையில் பெரும்பகுதியை அது ஏற்கும். சிடிஏ என்ற பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் இருக்கும் பணத்தையும் அங்கீகரிக்கப்பட்ட இடங்களில் பயன்படுத்தலாம். சைகை மொழி கற்க விரும்பினால் சிங்கப்பூர் காது கேளாதோர் சங்கம் வகுப்பு நடத்துகிறது. சைகை கற்றால் பேச்சு வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேஃபிளவர் தொடக்கப்பள்ளியில் காது கேளாத பிள்ளைகள் சைகை மொழி ஆதரவோடு மற்றவர்களுடன் சேர்ந்து படிக்கிறார்கள்.

கருவியின் காது அச்சு, குழந்தை வளர வளரச் சில மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். பேட்டரிப் பெட்டியில் பூட்டு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கிவிட்டால் நேராக அவசரப் பிரிவுக்கு.

ஆசிரியரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்: எந்தக் காது நல்ல காது, எந்தப் பக்கம் உட்கார வேண்டும், பேசும்போது முகம் தெரிய வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்கும் கதவுக்கும் பக்கத்தில் இடம் வேண்டாம். நான் இப்போது வருடத் தொடக்கத்தில் எல்லாப் பெற்றோரிடமும் இதைக் கேட்கிறேன். அபிநயப் பாட்டின்போது பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, ஒரு முறை எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு ஆடச் சொல்கிறேன். அவர்களுக்கு அது விளையாட்டு. நான் யார் கை மட்டும் தூங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.